மீதிக்கு மறுபடி வந்து நின்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் (டெட்) கென்னடியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அண்ணன்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டது, சாப்பாகுவிடிக் கார் விபத்து, 1980இல் அதிபர் கார்ட்டரை எதிர்த்துக் கட்சிக்குள் நின்று தோற்றது எல்லாம் விரிவாகவே இருந்தன. ஆனால் ஏறக்குறைய 47 வருடம் செனட்டில் அவர் பார்த்த வேலைக்கு ஒரே ஒரு பத்திதான். அதிலும், எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற தன் கனவை அவர் சமரசத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1969இல் சாப்பாகுவிடிக்கில் அவர் ஓட்டிய கார் தண்ணீரில் விழுந்து மேரி ஜோ கொபெக்னி என்ற 28 வயதுப் பெண் உயிரிழந்த அந்த இரவைப் பற்றி அவர் தந்த விளக்கம் எனக்கு இன்றுவரை போதவில்லை. கட்டுரை அதை மூடி மறைக்காதது சரிதான். என் வருத்தம் அவருடைய சட்டங்களைப் பற்றிச் சொன்னதில்தான்.

கென்னடி சமரசமே செய்யாமல் நின்ற காலம் ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில், நாடு முழுவதற்கும் அரசே நடத்தும் ஒரே காப்பீடு வேண்டும் என்று அவர் மசோதா கொண்டுவந்தார். அப்போது அதிபர் நிக்சனிடமும் ஒரு திட்டம் இருந்தது: முதலாளிகள் தங்கள் ஊழியர்களுக்குக் காப்பீடு கொடுக்க வேண்டும், ஏழைகளை அரசு பார்த்துக்கொள்ளும். கென்னடிக்கு அது போதவில்லை. 1974இல் இறங்கி வந்து பிரதிநிதிகள் சபையில் செல்வாக்கோடு இருந்த வில்பர் மில்ஸோடு சேர்ந்து ஒரு நடுவழித் திட்டம் வைத்தார். தொழிற்சங்கங்கள் அதை ஏற்கவில்லை. அடுத்த தேர்தலுக்குப் பிறகு இதைவிட நல்லது கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் வாட்டர்கேட் ஊழலில் நிக்சனே பதவியை விட்டுப் போய்விட்டார். நல்லது வரவில்லை, கையில் இருந்ததும் போனது. அன்று நிக்சனோடு உடன்படாமல் விட்டதை நினைத்துக் கென்னடி பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

அந்த வருத்தத்திலிருந்துதான் பிற்காலக் கென்னடி உருவானார் என்பது என் எண்ணம். கடனை வசூலிக்கப் போகிறவர் இன்று கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு, மீதிக்கு மறுவாரமும் வாசலில் வந்து நிற்பார் அல்லவா, அப்படி ஆகிவிட்டார். 1990இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம். 1993இல் குடும்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் 12 வாரம் விடுப்பு. சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. 1997இல் குழந்தைகளுக்கான காப்பீடு. அதற்கு அவர் கூட்டுச் சேர்த்துக்கொண்டது யூட்டா மாநிலத்தின் ஆரின் ஹாட்சை. கென்னடியை எதிர்த்துச் சண்டை போடவே செனட்டுக்கு வந்தேன் என்று சொன்ன பழமைவாதி அவர். சிகரெட் மேல் வரியைக் கூட்டி அந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

அவருக்கு இது வெறும் கொள்கை விஷயம் இல்லை. 1973இல் அவருடைய 12 வயது மகனுக்கு எலும்புப் புற்றுநோய் வந்து ஒரு காலை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு நீண்ட சிகிச்சை. அதே மருத்துவமனையில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் பணத்துக்காகத் தவித்ததைப் பல இடங்களில் அவர் சொல்லியிருக்கிறார். தன்னால் கட்ட முடிந்தது, அவர்களால் முடியவில்லை என்பது அவரைக் கடைசிவரை விடவில்லை.

இனி என் கதை. நான் 1987இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தேன், அப்புறம் வேலை, கிரீன் கார்டு என்று இங்கேயே தங்கிவிட்டேன். 1965க்கு முன் இந்தியாவுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர்தான். அதை ஒழித்த சட்டத்தை செனட்டில் நடத்திக் கொடுத்தவரும் கென்னடிதான். உங்கள் கட்டுரையில் இது வரவே இல்லை.

2002இல் என் வேலை போனது. கம்பெனிக் காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியமும் நாமே கட்ட வேண்டும். நான்கு மாதம் கட்டினோம். அதற்கு மேல் முடியவில்லை. தனியாக ஒரு காப்பீடு எடுக்கலாம் என்று விண்ணப்பித்தோம். என் மனைவிக்குச் சர்க்கரை. விண்ணப்பத்தில் நோய் விவரங்களுக்கே நான்கு பக்கம். எதையும் மறைக்காமல் எழுதினாள். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது: எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை. அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் ஊறுகாய், பருப்புப் பொடியோடு மாத்திரை அட்டைகளையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுபடி வேலை கிடைத்தபோது, புதிய கம்பெனியின் காப்பீட்டில் அவளைச் சேர்க்க முடியாது என்று சொல்ல வழியில்லை. கென்னடியும் குடியரசுக் கட்சியின் நான்சி காஸபாமும் சேர்ந்து 1996இல் கொண்டுவந்த சட்டம் அதைத் தடுத்திருந்தது. ஆனால் இடையில் காப்பீடு விட்டுப்போயிருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஒரு வருடம் வரை பணம் தராமல் இருக்க அதே சட்டம் இடமும் விட்டிருந்தது. பாதிச் சட்டம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பாதி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் சமரசம் என்ற சொல்லை அவ்வளவு லேசாக எழுதிவிட்டுப் போவது எனக்கு உறைக்கிறது.

மீதிக்கு அவர் வந்து நின்றது 2009இல், மூளைப் புற்றுநோயோடு. பின்னாளில் ஒபாமாகேர் என்று பெயர் வாங்கிய மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் அது. ஜூலையில் அவர் தலைமை வகித்த செனட் குழு அதற்கான மசோதாவை நிறைவேற்றியபோது அவரால் வர முடியவில்லை, நண்பர் கிறிஸ் டாட் நடத்திக் கொடுத்தார். ஆகஸ்ட் 25இல் கென்னடி காலமானார். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 ஓட்டு வேண்டும். ஆளும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் இருந்தது சரியாக அறுபது, அதில் ஒன்று அவருடைய நாற்காலி. தற்காலிகமாக ஒருவரை நியமித்து டிசம்பர் 24 காலையில் மசோதாவை 60க்கு 39 என்று நிறைவேற்றினார்கள். 92 வயது ராபர்ட் பேர்டைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். 1971இல் கட்சிக் கொறடா பதவிக்கான போட்டியில் கென்னடியைத் தோற்கடித்தவர் அவர். அன்று அவர், இது என் நண்பர் டெட் கென்னடிக்காக என்று சொல்லித் தன் ஓட்டைப் போட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றது நினைவிருக்கிறது.

ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் கென்னடியின் இடமே எதிர்க்கட்சிக்குப் போனது. அறுபது போய்விட்டது. இனி செனட் நிறைவேற்றியதை அப்படியே ஏற்றால்தான் உண்டு என்ற நிலை. அரசு நடத்தும் காப்பீடும் ஒரு தேர்வாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த மசோதாவில் நிறையக் குறை. போதாது என்று சொல்லி 1974 மாதிரி அவர்கள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. 2010 மார்ச் 21இல் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று நிறைவேறியது. கென்னடியின் இளைய மகன் பாட்ரிக்கும் அந்தச் சபையில் ஓட்டுப் போட்டார். பிறகு ஆர்லிங்டன் கல்லறைக்குப் போய், விட்டுப்போன வேலை முடிந்தது அப்பா என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தார்.

என் கணக்கில் அந்த வேலை முடியவில்லை. காப்பீடு இல்லாதவர்கள் நான் இருக்கும் டெக்சாஸில் இன்றும் ஏராளம். அதைக் கட்டுரையாளர் சுட்டிக்காட்டியிருந்தால் முழு மனதோடு ஏற்றிருப்பேன். ஆனால் கென்னடி விட்டுக்கொடுத்தார் என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

2013இல் எனக்கு மறுபடி வேலை போனது. அந்தப் புதிய சட்டத்தின்படி காப்பீடு எடுக்க, திணறித் திணறி ஓடிய அந்த இணையதளத்தில் இரவு பதினோரு மணிக்கு இருவரும் உட்கார்ந்தோம். அவள் பழைய பரிசோதனைச் சீட்டுகள் இருந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். வயது கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், வருமானம் கேட்டார்கள், புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். பதிவு முடிந்துவிட்டது. "சர்க்கரையைப் பத்திக் கேக்கவே இல்லையே, ஏதோ பக்கத்தை விட்டுட்டீங்க, திரும்பப் பாருங்க" என்றாள். முதலிலிருந்து பார்த்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஹூஸ்டன், டெக்சாஸ்