லண்டன் க்யூவுக்குப் போகும் மகளுக்கு

கோயம்புத்தூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அடுத்த சனிக்கிழமையை எனக்காக ஒதுக்கி, லண்டனின் க்யூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் வருவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசினால் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். "பறக்கவே பறக்காத விமானத்தில் தெரிந்துகொள்ள என்னப்பா இருக்கிறது?" என்று நீ கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கும்.

சூப்பர்மரைன் நிறுவனம் வரைந்து, பறக்காமலே போன குண்டுவீச்சு விமானம்தான் அது. நீ தேட வேண்டியவை, 1936 ஜூலையில் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் வெளியிட்ட பி.12/36 என்ற ஸ்பெசிபிகேஷன் தொடர்பான கோப்புகள். 'பி' என்பது குண்டுவீச்சு விமானத்தையும், 12 வரிசை எண்ணையும், 36 ஆண்டையும் குறிக்கும். தனக்கு வேண்டியது இன்னது என்று அமைச்சகம் இப்படி எழுதிக் கொடுக்கும். நிறுவனங்கள் வரைபடமும் கணக்கும் இணைத்து டெண்டர் போடும். ஒன்றிரண்டு தேறும், மற்றவை அலமாரிக்குப் போகும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உருப்பெறாமல் போன பிரிட்டிஷ் விமானங்களில் பல இப்படி டெண்டரோடு நின்றவைதான்.

இந்த ஸ்பெசிபிகேஷனைப் படித்தால் உனக்குச் சிரிப்பு வரும். நான்கு எஞ்சின் கொண்ட கனரகக் குண்டுவீச்சு விமானம் வேண்டும். ஆனால் இறக்கையின் மொத்த நீளம் 100 அடியைத் தாண்டக் கூடாது. தேவைப்பட்டால் 24 போர்வீரர்களை ஏற்றிச் செல்ல வேண்டும். கவண் போன்ற பொறியால் உந்தி எழுப்பவும் முடிய வேண்டும். பகுதி பகுதியாகக் கழற்றி ரயிலில் அனுப்பவும் வசதி வேண்டும். கேட்பவர் எல்லாவற்றையும் ஒரே பொருளில் கேட்பார் என்பது டிராயிங் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்குப் புதிதல்ல. பம்பு கம்பெனியில் நான் வரைந்தவற்றிலும் பாதி வார்ப்படத்துக்குப் போனதில்லை. அம்மாவைக் கேட்டால் முக்கால் பங்கு என்பாள்.

விக்கர்ஸ், போல்டன் பால், ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் முதலிய நிறுவனங்கள் போட்டியிட்டதில் முன்னணியில் நின்றது சூப்பர்மரைன். அதன் தலைமை வடிவமைப்பாளர் ஆர்.ஜே. மிட்செல். 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை வடிவமைத்தவர் என்று உலகம் அறிந்த அதே மிட்செல்தான். குண்டுகளில் ஒரு பகுதியை இறக்கைக்குள்ளேயே வைக்கும்படி அவர் வரைந்த அந்த விமானத்துக்கு 316 என்று எண். பின்னர் அது 317 ஆயிற்று. இரண்டு மாதிரி விமானங்களுக்கு ஆர்டரும் கிடைத்தது. ஆனால் 1937 ஜூன் 11 அன்று மிட்செல் 42 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஸ்பிட்ஃபயரின் உற்பத்தி வேலை டிராயிங் ஆபீஸை விழுங்கிக்கொண்டிருந்தது. குண்டுவீச்சு விமானம் மெதுவாகவே நகர்ந்தது. 1940 செப்டம்பர் 26 அன்று சௌத்தாம்ப்டனின் வுல்ஸ்டன் தொழிற்சாலையின் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது, அரைகுறையாக நின்ற அந்த உடற்பகுதிகள் சரிசெய்ய முடியாதபடி சிதைந்தன. அத்தோடு திட்டமும் முடிந்தது.

இதைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே ஒரு பெருமூச்சு விட்டு, அது மட்டும் வந்திருந்தால் என்று தொடங்குவார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். என் வாயை அடைத்தது அதே ஸ்பெசிபிகேஷனில் பிறந்து, உண்மையில் பறந்த இன்னொரு விமானத்தின் கதை.

சூப்பர்மரைன் கைவிட்டால் இருக்கட்டும் என்று ஷார்ட் நிறுவனத்துக்கும் அமைச்சகம் ஆர்டர் கொடுத்திருந்தது. நீரில் இறங்கி எழும் தங்கள் சண்டர்லேண்ட் விமானத்தில் (பறக்கும் படகு என்பார்கள்) சுமார் 112 அடி இறக்கையைப் பொருத்தியிருந்த ஷார்ட் நிறுவனத்தார், 100 அடிக்குள் அடங்குவதற்காக அதைக் குறுக்கினார்கள். முதலில் பாதி அளவில் ஒரு விமானத்தைச் செய்து 1938இல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஓடுபாதையில் இன்னும் குறைந்த தூரத்தில் எழும்ப வேண்டும் என்றது விமானப்படை. இறக்கையின் சாய்வை மாற்றி வரைய நேரமில்லாததால், சக்கரக் கால்களை நீட்டி, மூக்கு மேல்நோக்கி நிற்கும்படி செய்தார்கள். 1939 மே 14 அன்று முழு அளவு விமானமான ஸ்டர்லிங் முதன்முதலாகப் பறந்து, இறங்கும்போது பிரேக் இறுகி, அந்த நெடுங்கால்கள் முறிந்தன. பிறகு போரில் அது உழைத்தது உண்மை. ஆனால் பின்னர் வந்த லாங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் நிறைசுமையோடு பறந்த உயரத்தை அதனால் எட்ட முடியவில்லை. குண்டறை நீளவாக்கில் பிரிக்கப்பட்டிருந்ததால் 2,000 பவுண்டுக்கு மேற்பட்ட குண்டுகளும் அதற்குள் போகவில்லை.

டெண்டர் காகிதத்தில் ஸ்டர்லிங்குக்கும் இந்தக் குறைகள் கிடையாது, கண்ணம்மா. பறக்காத விமானம் எடை கூடுவதில்லை, வேகம் இழப்பதில்லை, அதன் கால்கள் முறிவதுமில்லை. ஆகவே 317இன் கணக்கை ஸ்டர்லிங்கின் பறப்புச் சோதனை முடிவோடு ஒப்பிடுவது நியாயமாகாது. காகிதத்தைக் காகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம், 1936-37இல் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்கள் முன்னிருந்த காகிதங்களை வைத்து ஏன் சூப்பர்மரைனை முதலில் வைத்தார்கள் என்பதுதான்.

எனவே காப்பகத்தில் 'ஏர்', 'ஏவியா' என்று தொடங்கும் கோப்பு வரிசைகளில் டெண்டர்களை ஒப்பிட்ட குறிப்புகள் அகப்பட்டால், வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த எஞ்சின், எத்தனை குதிரைத்திறன் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள். அன்றைக்கு அந்த எஞ்சினே சோதனை மேடையில்தான் இருந்திருக்கக்கூடும். எடை எழுதியிருந்தால், வெற்று எடையா, குண்டும் எரிபொருளும் சேர்ந்ததா என்று பார். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் உள்ள கட்டத்தில் தேதியும் திருத்த எண்ணும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு மேலே உள்ள அழகான படத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் எனக்குப் பயனில்லை. 316 என்றும் 317 என்றும் கலந்து எழுதியிருந்தால் நீ திருத்தாதே, உள்ளபடியே எழுது.

இன்னொன்று. அந்த 100 அடி வரம்பு ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவுகளின் அகலத்தால் வந்தது என்று பல புத்தகங்களில் படித்து, நானும் பத்து வருடம் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். அப்போது பிரிட்டிஷ் விமானத் தளங்களில் கட்டப்பட்டுவந்த ஹேங்கர்களின் அளவைப் பார்த்தபோதுதான், அவை 100 அடியைவிட நன்றாகவே அகலமானவை என்று தெரிந்தது. எடையை அடக்கவே அந்த வரம்பு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு வரியானாலும், அமைச்சகத்தின் ஆளே காரணத்தை எழுதியிருப்பது கிடைத்தால், மற்ற எதுவும் கிடைக்காவிட்டாலும் உன் சனிக்கிழமை வீணில்லை என்பேன்.

மூலக் கோப்புகளைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டு போ. பேனாவுக்கு உள்ளே அனுமதியில்லை, பென்சில் மட்டும்தான். படம் எடுக்கும்போது மறக்காமல் வரைபடத்தின் பின்பக்கத்தையும் எடு. எங்கள் ஆபீஸில் அவசரக் கணக்குகளையெல்லாம் பென்சிலால் பின்பக்கத்தில்தான் போடுவோம்.

அன்புடன்,
அப்பா