வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதம் நெருங்கினால் பிள்ளையின் துடிப்பு குறையும் என்று எங்கள் காரைக்குடிப் பக்கம் ஆச்சிமார் இன்னமும் சொல்கிறார்கள். தவறு. உதை, நெளிவாகவும் புரளலாகவும் மாறலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. நச்சுக்கொடி வழியே பிராணவாயு போதாதபோது குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும்.

28-வது வாரத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். விக்கல் கணக்கில் சேராது. வயிற்றில் குழந்தை தூங்குவது பொதுவாக 20 முதல் 40 நிமிடம்தான். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டாலும், வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனை போக வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. மாமியாரே, தயவுசெய்து தடுக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள், நடுராத்திரியானாலும்.

– கிராம சுகாதாரச் செவிலியர்கள்,
காரைக்குடி