பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில் வடிவமைப்பு பற்றிய தங்கள் கட்டுரையில் சிக்ஸ்டன் சாசொன், சாப் காருக்கு அழகான மேல்கூடு வரைந்தவர் என்ற அளவில் நின்றுவிட்டார். அந்த அழகு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

1912-ல் ஸ்வீடனில் பிறந்த சாசொன், விமானம் ஓட்டப் பயின்றவர்; விபத்தில் ஒரு நுரையீரலை இழந்தார். பிறகு சாப் விமான நிறுவனத்தில் வரைகலைஞர். அங்கே கார் திட்டத்தை நடத்திய பொறியாளர் குன்னர் யுங்ஸ்ட்ரோமுடன் இணைந்தார். இருவரும் உருவாக்கிய சாப் 92 காரின் மூக்கு அவ்வளவு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. 764 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே வைத்து, ரேடியேட்டரை அதன் பின்னால் உயரத்தில் பொருத்தினார்கள். சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்து இறங்கும், பம்ப் வேண்டாம். ரேடியேட்டர் முன்னால் நின்றிருந்தால் அந்தச் சரிவு கிடைத்திருக்காது. 25 குதிரைத்திறனிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது என்றால், காற்றைக் கிழிக்கும் அந்த உடலே காரணம்.

தவறும் நேர்ந்தது. முதல் மாதிரியில் நான்கு சக்கரங்களையும் தகட்டால் மூடியிருந்தார். உள்ளே பனியும் சேறும் அடைத்துக்கொண்டன. விற்பனைக்கு வந்த காரில் முன்சக்கரங்கள் திறந்துவிடப்பட்டன. டிக்கிக் கதவும் 1953 வரை கிடையாது. பின்சீட்டுப் பக்கமாகத்தான் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொன்று, அவர் வடிவமைத்து 1948-ல் வந்த ஹாசல்பிளாட் 1600எஃப் கேமரா. எனக்கு அவருடைய உச்சம் அதுதான். நடுவில் ஒரு பெட்டி. லென்ஸ் முன்னால், பார்வைமாடம் (வியூஃபைண்டர்) மேலே, ஃபிலிம் கூடு பின்னால். மூன்றும் தனித்தனியே கழலும். பாதிச் சுருளிலேயே கூட்டை மாற்றலாம். கழற்றுமுன் உலோகத் தகட்டைச் செருக வேண்டும், மறந்தால் ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிடும். நொடியில் 1/1600 வேகத்தில் ஓடிய மெல்லிய எஃகுத்தாள் ஷட்டர்தான் அடிக்கடி பழுதானது. 1952-ல் வேகத்தை 1/1000 ஆகக் குறைத்தார்கள். 1957-ல் 500சி மாடலில் ஷட்டரை லென்சுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். பெட்டியின் வடிவம் மட்டும் மாறவில்லை. 1969-ல் நிலவுக்குப் போன 500இஎல் கேமராவும் அந்த வழியில் வந்ததே.

அவர் வடிவமைத்த சாப் 99 கார் அறிமுகமான 1967-லேயே, அதற்குச் சில மாதங்கள் முன்பு, சாசொன் மறைந்தார்.

அடுத்த முறை சாப் 92 படம் வெளியிட்டால், பானெட் திறந்த படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்