எனக்குக் கார்ட்டூன் ரோக்தான் உசத்தி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிறவியிலேயே விசித்திர சக்தி படைத்தவர்களின் கதையான எக்ஸ்-மென் படங்களைப் பற்றி, சென்ற ஞாயிறு உங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2000-இல் வந்த முதல் படம் தொடங்கி ஒவ்வொன்றாக அலசியவர், கார்ட்டூன் தொடரை மட்டும் ‘பிள்ளைகள் சமாச்சாரம்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்.

நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பிறையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும்போது, 1992-இல் தொடங்கிய பழைய தொடரையும், அதன் தொடர்ச்சியாக 2024-இல் வந்த ‘எக்ஸ்-மென் 97’-ஐயும் கைப்பேசியில் பார்த்தேன். படங்களை ஏற்கெனவே திரையரங்கில் பார்த்தவள்தான்.

ரோக் என்ற பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவள் தொட்டால் தொட்டவரின் உயிர்ச்சக்தி அவளுக்குள் இறங்கிவிடும். கார்ட்டூன் ரோக் பறப்பாள், ராட்சத ரோபோவைக் குத்திச் சாய்ப்பாள், வாயும் கொஞ்சம் நீளம். படத்தில் ஆனா பாகின் நடித்த ரோக்கோ பயந்த சுபாவமுள்ள பள்ளிப் பெண். பறக்கவும் மாட்டாள். கதாநாயகன் வுல்வரின் காப்பாற்றுவதற்கென்றே எழுதிய பாத்திரம் போல இருக்கும். நடிகையைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததே அவ்வளவுதான்.

இரண்டிலும் சக்தியை அகற்றும் சிகிச்சை ஒன்று வருகிறது. 2006 படத்தில், குணப்படுத்த நம்மிடம் குறையே இல்லை என்று அதே குழுவைச் சேர்ந்த ஸ்டோர்ம் முழங்குகிறாள். ஆனால் ரோக் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து காதலன் கையைப் பிடிக்கிறாள். படம் அத்தோடு அவளை விட்டுவிடுகிறது. 1993-இல் வந்த கார்ட்டூன் அத்தியாயத்தில் அவளும் ஆசை ஆசையாக, அந்தச் சிகிச்சை இருக்கும் முயர் தீவுக்குப் போகிறாள். கடைசியில் வேண்டாம் என்று திரும்புகிறாள்.

என் மகள் படிவம் நான்கு படிக்கிறாள், நல்ல கறுப்பு. கல்யாண வீட்டில் யாராவது ஓர் அத்தை அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, எந்தக் கிரீம் பூசினால் வெளுக்கும் என்று சொல்லாமல் விடமாட்டார். அதை மனதில் வைத்துத்தான் அந்த அத்தியாயத்தை அவளுக்குக் காட்டினேன். அவள் என்னையே மடக்கினாள்: “ரோக் தொட்டால் ஆள் மயங்கி விழுவான். நான் தொட்டால் யாருக்கு என்னம்மா ஆகும்? ரெண்டும் ஒண்ணா?”

சரிதான். தன் சக்தியால் உண்மையிலேயே அவதிப்படுகிறவள் அந்தச் சிகிச்சையை மறுப்பதால்தான் அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கதையும் அவளைச் சும்மா விடவில்லை. ‘97’-இன் ஐந்தாவது அத்தியாயத்தில், சக்தி படைத்தவர்கள் வாழும் ஜெனோஷா தீவு அழியும்போது, அவள் நேசிக்கும் காம்பிட் இறந்துபோகிறான். அவன் உடலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தொட்டும் எதையும் உணர முடியவில்லையே என்று ரோக் கதறுவாள். பஸ்ஸில் நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டு அக்கா வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். புதிய தொடரில் ரோக்குக்கும் எக்ஸ்-மென்னின் பழைய எதிரி மெக்னீட்டோவுக்கும் முடிச்சுப் போட்டது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மெக்னீட்டோ என்றால் படத்தில் வந்த இயன் மெக்கெல்லன்தான், அதில் கட்டுரையாளர் கட்சிதான் நானும்.

அவர் அடுத்த கட்டுரை எழுதும் முன் அந்த 1993 அத்தியாயத்தை மட்டுமாவது பார்க்கட்டும். அரைமணி நேரம்கூட ஓடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிறை, பினாங்கு