ஓஓவுக்குச் சொந்தம் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாத இதழின் சிறுவர் பக்கத்தில், ஹவாய்த் தீவுகளில் மறைந்துபோன ஓஓ பறவையைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. என் பேத்தி அதைச் சத்தமாகப் படித்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். அப்படி ஒரு பறவையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்டியதற்கு நன்றி. ஆனால் அதில் இருந்த பிழைகளை அப்படியே விட எனக்கு மனமில்லை. 30 வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். பிள்ளைகள் முதலில் எதைப் படிக்கிறார்களோ அதுதான் கடைசிவரை மனதில் நிற்கும்.

முதல் பிழை படத்தில். 'அழிந்துபோன ஓஓ' என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பதோ உடம்பெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு, இறக்கையும் வாலும் கறுப்பு, அரிவாள் மாதிரி வளைந்த ஆரஞ்சு அலகு. அது ஈஈவி என்ற வேறொரு ஹவாய்ப் பறவை. ஈஈவி இன்னும் உயிரோடு இருக்கிறது! மாவி தீவிலும் ஹவாய் பெரிய தீவிலும் உயரமான மலைக்காடுகளில் ஓஹியா மரத்தின் சிவப்புப் பூக்களில் தேன் குடித்துக்கொண்டிருக்கிறது. (ஓஹியா நம் நாவல், கொய்யா குடும்பத்து மரம். நாவல் பூவைப் போலவே இதழைவிட மகரந்தத் தாள்கள்தான் கண்ணில் படும்.) ஓஓ கறுப்புப் பறவை. கவாயி தீவில் கடைசியாக வாழ்ந்த ஓஓவுக்குத் தொடையில் மட்டும் மஞ்சள் இறகு இருந்தது.

இரண்டாவது பிழைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ஓஓவை 'ஒரு வகைத் தேன்சிட்டு' என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் பேத்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பாட்டி, அப்ப இது நம்ம வீட்டுத் தேன்சிட்டுக்குச் சொந்தமா?"

நம்ம வீட்டுத் தேன்சிட்டு என்று அவள் சொன்னது, போன வருடம் துணி காயப்போடும் கொடியின் முனையில் சிலந்தி நூலும் சருகுமாகக் கூடு கட்டிய ஜோடியை. காலையில் செம்பருத்திக்கு வரும். பூவின் வாய்ப்பக்கம் போகாது; அடிப்பக்கம் தொங்கி, அலகால் ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சும். அலகைப் பார்த்தால் ஈஈவியின் அலகைப் போலத்தான் இருக்கும். ஆனால் சொந்தம் இல்லை. அமெரிக்கக் கண்டங்களின் ஹம்மிங்பேர்டு, ஆப்பிரிக்கா ஆசியாவின் தேன்சிட்டு, ஆஸ்திரேலியா பக்கத்துத் தேனுண்ணி மூன்றும் வேறு வேறு குடும்பங்கள். செய்யும் வேலை ஒன்று, வம்சம் வேறு. ஆழமான பூவுக்குள்ளே தேன் இருந்தால், அதை எடுக்கப் பழகும் பறவைக்கு லட்சக்கணக்கான ஆண்டுகளில் நீண்ட அலகும் நுனி பிரிந்த நாக்கும் வந்துவிடுகின்றன.

இந்த ஒற்றுமையில் பறவையியல் அறிஞர்களே நூறு வருடத்துக்கு மேல் ஏமாந்திருக்கிறார்கள். ஓஓ இனங்கள் நான்கு, அவற்றோடு சேர்ந்த கியோயா ஒன்று. இந்த ஐந்தையும் ஆஸ்திரேலியத் தேனுண்ணிக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். அலகும் நாக்கும் அவ்வளவு ஒத்துப்போயின. 2008இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ராபர்ட் ஃபிளெய்ஷர், ஹெலன் ஜேம்ஸ், ஸ்டோர்ஸ் ஓல்சன் மூவரும் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பாடம் செய்த பறவைகளில் இருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். தேனுண்ணிகளுக்கும் இவற்றுக்கும் கிட்டத்தில் உறவே இல்லை. நெருங்கிய சொந்தம் வாக்ஸ்விங் என்ற, வடக்கின் குளிர்க்காடுகளில் பழம் தின்னும் பறவையும் அதன் கூட்டமும்தான். அதுவும் 1.4 கோடி முதல் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன சொந்தம். அப்போது இன்றைய கவாயி தீவே கடலுக்கு மேலே வந்திருக்கவில்லை. அதனால் மோஹோயிடே என்று இவற்றுக்குத் தனிக் குடும்பம் வகுத்தார்கள்.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றலாம். கணக்கே மாறுகிறது, ஐயா. தேனுண்ணிக் குடும்பத்தில் ஏறக்குறைய 190 இனங்கள் இருக்கின்றன. அதில் ஐந்து போனால் வருத்தம்தான், ஆனாலும் குடும்பம் இருக்கிறது. ஓஆஹு தீவின் ஓஓ 1837க்குப் பிறகு கிடைக்கவில்லை. கியோயா 1859 வாக்கில் போனது. மோலோகாய் ஓஓ 1904, பெரிய தீவின் ஓஓ 1934. கவாயியின் அலகாய் சதுப்புக் காட்டில் மிஞ்சிய ஒரே ஓஓவின் குரல் 1987இல் கடைசியாகக் கேட்டது. அதோடு ஒரு குடும்பமே முடிந்துவிட்டது, 20 வருடம் கழித்துத்தான் அது குடும்பம் என்றே நமக்குத் தெரிந்தது. கடந்த சில நூற்றாண்டுகளில் பறவைகளில் இப்படி முழுசாக அற்றுப்போன குடும்பம் இது ஒன்றுதான். அழிந்துபோன டோடோ பறவை என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது தலைகீழ்க் கதை. அதற்குத் தனிக் குடும்பம் கொடுத்து வைத்திருந்தார்கள். 2002இல் டிஎன்ஏ பார்த்தபோது புறாக்களில் ஒன்றாகிவிட்டது. உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் நம் நிக்கோபார் புறா.

சரி, படத்தில் இருந்த ஈஈவிக்கு யார் சொந்தம்? அது ஓஓவுக்கும் சொந்தமில்லை. தடித்த அலகால் விதை உடைக்கும் ஃபிஞ்ச் குடும்பம் அது. ஆசியாவின் ரோஸ்ஃபிஞ்ச்சுக்கு நெருக்கம். ரோஸ்ஃபிஞ்ச்சில் ஒரு வகை குளிர்காலத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வரும். ஹவாய்க்கு வந்து சேர்ந்த ஒரு மூதாதையிலிருந்து 50க்கு மேற்பட்ட இனங்கள் கிளைத்தன. விதை தின்ன பலிலா, தேன் குடிக்க ஈஈவி, அபபானே என்று ஆளுக்கொரு அலகு. முன்பு இவற்றுக்குத் தனிக் குடும்பம் இருந்தது, இப்போது ஃபிஞ்ச்சுக்குள் ஒரு கிளை. லேசான் என்ற சின்னத் தீவில், அபபானேயின் துணை இனம் என்று எண்ணியிருந்த பறவை ஒன்று இருந்தது. கொண்டுவந்து விட்ட முயல்கள் செடிகொடியை எல்லாம் தின்று தீர்க்க, 1923இல் மிஞ்சிய மூன்று பறவைகளையும் ஒரு மணற்புயல் கொண்டுபோய்விட்டது. அதைத் தனி இனம் என்று ஏற்றுக்கொண்டது சமீபத்தில்தான்.

இன்னும் ஒன்று. அரசர்களின் இறகுப் போர்வைக்காகப் பிடித்தே ஓஓ அழிந்தது என்று முடித்திருந்தீர்கள். பிடித்தது உண்மை. ஆனால் காடழிப்பும் எலிகளும் கொசுவும் சேர்ந்துதான் முடித்தன. ஹவாயில் முன்பு கொசுவே கிடையாது. 1826 வாக்கில் கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் வந்து இறங்கியது கியூலெக்ஸ் கொசு. நம் ஊரில் யானைக்கால் நோய் பரப்பும் அதே இனம். அது பரப்பும் பறவை மலேரியாவுக்கு ஈஈவியிடம் எதிர்ப்பே இல்லை. ஆய்வில் ஒரே ஒரு கடியில் பத்தில் ஒன்பது செத்தன. கொசு ஏறாத குளிர்ந்த உயரம்தான் மிச்சம். வெப்பம் கூடக்கூட அந்த உயரத்துக்கும் கொசு ஏறிக்கொண்டிருக்கிறது. 2023இலிருந்து மாவி தீவின் காடுகளில், முட்டை பொரியாமல் தடுக்கும் பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை விட்டுக் கொசுப் பெருக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்த இதழில் சிறுவர் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், மூன்று வரி திருத்தம் போட்டால் போதும். படத்தில் உள்ளது ஈஈவி, அது உயிரோடு இருக்கிறது. ஓஓ தேன்சிட்டு அல்ல, முழுவதும் அழிந்துபோன தனிக் குடும்பம். தேன்சிட்டு என்ற பெயர் நம் வீட்டுக் கொடியில் கூடு கட்டுகிறதே, அந்தக் குடும்பத்துக்கு மட்டும்.

பேத்தி கத்தரித்து ஒட்டுவதற்காக நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
நாகர்கோவில்