ட்ரெய்லருக்குள் பல்ப் மாற்றப் போகிறீர்களா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மே மாத விடுமுறையான விக்ரோரியா நாள் நீண்ட வார இறுதி நெருங்குகிறது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த, வாகனத்தின் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் ட்ரெய்லரைத் திறந்து பார்க்கும் காலம் இது. இந்த நாள்களில் கடைக்கு வரும் பலர் கருகிய பல்ப் ஒன்றைக் கையில் பிடித்தபடி "இதுக்கு எல்ஈடி இருக்கோ?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது விளக்கமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

போன ஒக்ரோபரில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அல்கோன்குவின் பூங்காவுக்குப் போன குடும்பம் ஒன்று, மின் இணைப்பு இல்லாத இடத்தில் ட்ரெய்லரை நிறுத்தியிருக்கிறது. அந்த மாதத்தில் ஏழு மணிக்கே இருட்டிவிடும். சாப்பாட்டு மேசைக்கு மேலே, அடுப்படியில், கட்டிலுக்கு மேலே என்று ஆறு பல்ப் நாலு மணித்தியாலம் எரிந்திருக்கின்றன. விடியப்புறம், பற்றரியில் ஓடும் ஹீற்றர் விசிறி நின்றுவிட்டது. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு படுத்தார்களாம். திரும்பி வந்ததும் அந்தக் குடும்பத்துக்காரர் எங்களிடம் கேட்டது: "பற்றரி செத்துப்போச்சு, புதுசு ஒண்டு தாங்கோ."

பற்றரியைச் சார்ஜ் பண்ணிச் சோதித்தோம். அதில் ஒரு குறையும் இல்லை. கணக்குத்தான் பிழைத்திருந்தது. அவருடைய ட்ரெய்லரில் இருந்தவை 921 என்ற எண்ணுள்ள பல்ப்கள். ஒன்று 1.4 அம்பியர் இழுக்கும். ஆறு பல்ப் நாலு மணித்தியாலம் எரிந்தால் 33 அம்பியர்-மணிக்கு (அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கிய கணக்கு) மேல் போய்விடும். சாதாரண ஈயப் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 80 அம்பியர்-மணி இருக்கும், அதில் பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 40. ஹீற்றர் விசிறி ஓடும்போது ஏழு அம்பியர் அளவில் எடுக்கும். விளக்குக்குப் போனது போக மிஞ்சியதில் அது எவ்வளவு நேரம் ஓடும்? அதே வெளிச்சம் தரும் எல்ஈடி ஒன்றுக்கு 0.2 அம்பியர் போதும். ஆறும் நாலு மணித்தியாலம் எரிந்தாலும் ஐந்து அம்பியர்-மணிகூட ஆகாது. பற்றரி விற்க வேண்டிய இடத்தில் ஆறு பல்ப் விற்று அனுப்பினோம். வியாபாரத்துக்கு நட்டம்தான், ஆனால் ஆள் மறுபடியும் வந்தார்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இரவில் கூடுதலாக எரிகிற நாலைந்தை மட்டும் முதலில் மாற்றுங்கள். அலுமாரிக்குள் வருசத்தில் பத்து நிமிடம் எரிகிற பல்ப்புக்கு எல்ஈடி போட்டு என்ன மிச்சம்? எப்போதும் மின் இணைப்புள்ள இடத்தில்தான் நிறுத்துவீர்கள் என்றால், உங்களுக்கு அவசரமே இல்லை.

வாங்க வரும்போது பழைய பல்ப்பைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். "சின்னதாக, உருண்டையாக இருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னால் எங்களுக்கு விளங்காது. எண் பல்ப்பிலேயே இருக்கும். அழுத்தித் திருகிப் பூட்டுகிற வகையில், பித்தளைக் கழுத்தில் 1141 அல்லது 1156 என்று பொறித்திருக்கும். நேரே செருகுகிற கண்ணாடி அடி உள்ள வகையில் 921 அல்லது 912 என்று அடியில் மங்கலாகத் தெரியும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிபோல இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது ஜி4 ஹலோஜன். பித்தளைக் கழுத்து உள்ள வகை என்றால், திருப்பி அடியையும் பாருங்கள்: ஈயப் பொட்டு ஒன்றா, இரண்டா? இரண்டு பொட்டு உள்ள 1076 வகையின் இடத்தில் ஒரு பொட்டு வகை எரியாது.

கழற்றும் முன் வெளி மின் இணைப்பைப் பிடுங்கி, பற்றரி சுவிட்சையும் நிறுத்துங்கள். 12 வோல்ட் ஷொக் அடிக்காது, உண்மைதான். ஆனால் திருப்புளி நுனி இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் பியூஸ் போய்விடும். சற்று முன் எரிந்த ஹலோஜனை வெறுங்கையால் தொடாதீர்கள். இன்னொன்று, ஏப்ரல் குளிரில் பிளாஸ்ரிக் மூடியை நெம்பாதீர்கள். பழைய பல்ப்பின் சூட்டில் வருசக்கணக்காக வெந்து, தேநீர்க் கறைபோலப் பழுப்பேறிய மூடி அது. குளிரில் அப்பளம்போல உடையும். உள்ளே கொஞ்சம் சூடேறவிட்டு, நீளப் பக்கம் இரண்டையும் விரல்களால் மெல்ல அமத்தினால் தானாகக் கழன்று வரும்.

புது எல்ஈடியைப் போட்டதும் எரியவில்லையா? கடைக்கு ஓடிவராதீர்கள். பழைய பல்ப்புக்கு எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர் என்ற கவலை இல்லை. எல்ஈடிகளில் பல ஒரு பக்கம் செருகினால் மட்டுமே எரியும். செருகுகிற வகையைக் கழற்றி, பக்கம் மாற்றிச் செருகிப் பாருங்கள். போன கோடையில் "பழுது" என்று திரும்பி வந்த பல பல்ப்களை எங்கள் மேசையிலேயே திருப்பிச் செருகி எரியவைத்துக் கொடுத்தோம்.

சரி, எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். சில வருசங்களுக்கு முன் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பெட்டி எல்ஈடி இறக்கினோம். பெட்டியில் "12 வோல்ட்" என்று மட்டும் இருந்தது. ட்ரெய்லருக்குள் எப்போதும் 12 வோல்ட்தான் ஓடும் என்பது பேச்சுக்குத்தான். பாதி இறங்கிய பற்றரியில் 12 ஆக இருப்பது, பூங்காவில் வயரைச் செருகி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். ஒரு சின்ன மின்தடையை (ரெசிஸ்ரர்) மட்டும் நம்பிச் செய்த அந்த பல்ப்கள் அதைத் தாங்கவில்லை. சில மங்கின, சில கண் சிமிட்டின. காசைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியவற்றைத்தான் எடுக்கிறோம். புதிதாக வரும் ஒவ்வொரு வகையையும் மேசையில் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு பழைய எஃப்எம் ரேடியோவும் பாடிக்கொண்டிருக்கும். பல்ப்பைப் போட்டதும் அது இரைந்தால் அந்த வகை எங்கள் தட்டுக்கு வராது. அப்படிப்பட்டவை உங்கள் ரிவி அன்ரெனாவையும் கெடுக்கும்.

நிறம் உங்கள் விருப்பம். அது கெல்வின் என்ற எண்ணில் எழுதியிருக்கும்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. ஆனாலும் எங்கள் அபிப்பிராயம்: படுக்கைக்கும் மேசைக்கும் 2700 அல்லது 3000 கெல்வின், அடுப்படிக்கு 4000. 6000 என்று எழுதியதை வாங்கிப் போனவர்கள், சோறும் கறியும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுபோலத் தெரிகிறது என்று மாற்ற வந்திருக்கிறார்கள்.

பழைய டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அதில் சில எல்ஈடிகள் மினுங்கும், டிம்மரையும் சேர்த்து மாற்ற வேண்டி வரலாம். நீளமான குழல் விளக்கு இருந்தால், அதன் உள்ளே குழலை எரியவைக்கும் பலாஸ்ற் என்ற கருவியை வயர் வழியிலிருந்து விலக்கிவிட்டு 12 வோல்ட் எல்ஈடி பட்டியை நேரே இணைக்கலாம். கழற்றிய குழலில் பாதரசம் இருக்கும். குப்பையில் போடாமல் நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 15க்குப் பதிலாக 20 அம்பியர் பியூஸ் போடுவதை மட்டும் செய்யாதீர்கள், சுவருக்குள் ஓடும் வயர் அதற்குத் தாங்காது. வெளி மின் இணைப்பிலிருந்து வரும் 120 வோல்ட் பக்கத்தில் வேலை என்றால் உரிமம் உள்ள மின்வினைஞரைக் கூப்பிடுங்கள். அதை நாங்களும் தொடுவதில்லை.

ஒரே ஒரு பல்ப்பை வாங்கிக்கொண்டுபோய் உங்கள் ட்ரெய்லரில் ஒரு வாரம் எரித்துப் பாருங்கள். பிடித்தால் மிச்சத்தை வாங்கலாம். பிடிக்காவிட்டால் பற்றுச்சீட்டோடு கொண்டுவாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறோம். மே மாதச் சனிக்கிழமைகளில் கூட்டமாக இருக்கும். கிழமை நாளில் பின்னேரம் வந்தால் ஆறுதலாகக் கதைக்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து, ஸ்காபரோ