மேடையில் நாலு பேராவது வாசிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், கல்யாணச் செலவைக் குறைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மண்டபம், பந்தி, பூ அலங்காரம் என்று எல்லாவற்றுக்கும் உருப்படியான யோசனைகள் இருந்தன. என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் கையில் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு இடம் மனதை உறுத்தியது. ரிசப்ஷனுக்கு ஆர்கெஸ்ட்ரா எதற்கு, ரெண்டு பாடகர்களும், பதிவு செய்த பின்னணி இசையை (டிராக்) ஓடவிட ஒரு லேப்டாப்பும் போதும் என்று எழுதியிருந்தார்கள். அந்த மேடைகளில் 1987-லிருந்து கிட்டார் வாசித்து வருகிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இது பிழைப்பு இல்லை. பெரம்பூரில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூர் மார்க்கெட் தீயில் எரிவதற்கு முந்தைய வருடம், 1984-ல், அங்கே 180 ரூபாய்க்கு ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். ரயில் ஓட்டியவர், கிறிஸ்துமஸ் நடன விருந்துகளில் பேண்டு வாசித்தவர். அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். முதல் மூன்று மாதம் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடி) பிடிப்பதைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. இடது கை விரல் நுனிகள் தோல் உரிந்து, காய்த்து, வலி நின்ற பிறகுதான் ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார். கம்பி வாங்க மட்டும் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்குப் போவேன். காசிமேட்டில் ஒரு கச்சேரி வாசித்தால் கடல் காற்றுக்கு ரெண்டே நாளில் கம்பி கறுத்துவிடும். அதனால் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உறையில் வைப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்களை 'அப்படியே காப்பி அடிக்கிறவர்கள்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் காப்பி எப்படி உருவாகும் என்று அப்படிச் சொல்கிறவர்கள் பார்த்ததில்லை. சினிமா ரெக்கார்டிங்கில் வாசிப்பவர்களுக்கு இசையமைப்பாளர் எழுதிய நோட்ஸ் இருக்கும். எங்களுக்குக் கேசட்தான். பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாகச் சுற்றி, பாட்டின் சுருதியும் கால் கட்டை இறங்கிவிடும். நாலு கட்டையும் இல்லாமல் மூன்று கட்டையும் இல்லாமல் நடுவில் நிற்கும். புது பேட்டரி போட்டு, மறுபடி கம்பியை முறுக்கி, நாலே விநாடி வருகிற ஒரு பிட்டுக்காக முப்பது தடவை பின்னால் ஓட்டிக் கேட்போம். இடையிசையில் வயலினுக்கு அடியில் கிட்டார் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆன பாட்டு உண்டு.

'இளைய நிலா பொழிகிறதே' பாட்டைக் கேட்காத கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. 1982-ல் வந்த பாட்டு, எஸ்.பி.பி. பாடியது. சினிமாவில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். நான் அதை மேடைக்குக் கொண்டுபோக எட்டு மாதம் ஆனது. வலது கையில் இருக்கும் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழே வைத்துவிட்டு, கட்டைவிரல் கீழ் ஸ்வரத்தைப் பிடிக்க, மற்ற விரல்கள் மேல் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் ஜனங்களுக்குத் தெரியும். 1990-ல் அயனாவரத்தில் ஒரு ஆடி மாதக் கச்சேரியில் முதல் தடவை வாசித்தேன். கூழ் ஊற்றிய பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த சம்பளம் 75 ரூபாய்.

எஸ்.பி.பி. ஆரம்ப நாளில் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவருடைய சகோதரர்களும் வாசித்திருக்கிறார்கள். அடுத்தவர் பாட்டை மேடையில் வாசித்துத்தான் அவர்களும் வந்தார்கள்.

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். கட்டையை ஏற்றவும் இறக்கவும் அதில் வசதி இருக்கிறது, சத்தமும் சுத்தமாக வருகிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் லேப்டாப்பால் பாடுகிறவருக்காகக் காத்திருக்க முடியாது என்பதுதான் என் கவலை.

வில்லிவாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். பெண்ணின் தாத்தா மேடையேறினார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மெல்லிசை மன்னர் காலத்துப் பாட்டு ஒன்றை எடுத்தார். பல்லவி நன்றாக வந்தது. முதல் சரணம் முடிந்து இரண்டாவது சரணத்தில் வார்த்தை மறந்துபோய் நின்றுவிட்டார். கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்து, "விடாத, அதையே சுத்து" என்றார். நான் அதே கார்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். தபேலாக்காரர் கையைத் தாழ்த்தி, தட்டுவதும் தெரியாமல் தட்டினார். எங்கள் பாடகி பக்கத்தில் போய், "அவசரமே இல்ல தாத்தா" என்று சொல்லிவிட்டு, சரணத்தின் முதல் வார்த்தையைக் காதில் சொன்னார். எத்தனை சுற்று போனதோ தெரியாது. பெரியவர் கண்ணைத் திறந்தார், பாடினார். தாளத்துக்கு முன்னால்தான் ஆரம்பித்தார். நாங்கள் அவரோடு போய்ச் சேர்ந்துகொண்டோம். முடித்துவிட்டு இறங்கும்போது தபேலாவைத் தொட்டுக் கும்பிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உறவுக்காரர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன், விருந்தாளியாக. அங்கே லேப்டாப். அங்கும் ஒரு பெரியவர் பாட வந்து, அதே மாதிரி நடுவில் தடுமாறினார். டிராக் நிற்கவில்லை. புல்லாங்குழல் வந்தது, போனது, அடுத்த சரணமும் ஓடியது. அவர் மைக்கைப் பிடித்தபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் யாரோ கை தட்டினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கிட்டார் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

2020-ல் ஊரடங்கில் ஆடி மாதம் முழுக்க ஒரு மேடை கிடையாது. அதற்குப் பிறகு பழைய கச்சேரிகளில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அந்த இடத்தை டிராக் பிடித்துக்கொண்டது. எங்கள் டோலக்காரர் இப்போது புளியந்தோப்பில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு பென்ஷன் இருக்கிறது, அவருக்கு இல்லை. முப்பது வருடம் தட்டிப் பழகிய கை அது. அவரைப் போன்றவர்களைப் பற்றியும் உங்கள் பத்திரிகை ஒரு பக்கம் எழுத வேண்டும்.

கல்யாண வீட்டாரையும் கோயில் விழாக் குழுவினரையும் நான் கேட்பது இதுதான்: பதினைந்து பேர் வேண்டாம். கீபோர்டு, கிட்டார், தபேலா, டோலக் என்று நாலு பேரை வையுங்கள். மூன்று மணி நேரம் என்பது இரண்டு மணி நேரமானாலும் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதியும் இருக்கிறது, அது நல்ல விதிதான். குழந்தைகளும் வயதானவர்களும் தூங்க வேண்டும்.

அப்புறம், கட்டுரை எழுதியவருக்கு ஒரு அழைப்பு. வியாசர்பாடியில் ஒரு அம்மன் கோயிலில் ஆடி நாலாம் வெள்ளிக்கு நாங்கள் ஆறு பேர் வாசிக்கிறோம். டோலக்காரரும் அன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்தால் மேடைக்குப் பக்கத்தில், எங்கள் கைகள் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். ஏழு மணிக்கு ஆரம்பிப்போம், பத்துக்குள் முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கிட்டார் வாசிப்பவர்,
பெரம்பூர், சென்னை - 11